கரண்ட் வந்தால் தானாக ஓடக் கூடாது

தம்பி,

புதன்கிழமை பகல் உன் கையேடு வீட்டுக்கு வந்தது. உன்னோடு சேர்ந்து ஹட்டனில் வகுப்பு நடத்திய யாழ்ப்பாணத்து மாஸ்டர்தான் கொண்டுவந்தார். போட்டோக் கொப்பி எடுத்த முப்பது பக்கம், ஓரத்தில் இரண்டு கம்பி அடித்துச் சேர்த்திருந்தது. நான் பருப்பில் கல் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கியபோது, மெசினிலிருந்து வந்த தாளின் அந்தக் கரிந்த மை வாசம் முதலில் மூக்கில் ஏறியது. கொழும்புக் கம்பனியில் சேர்ந்த புதிதில் உன் சட்டையிலும் இந்த வாசம்தான் இருக்கும். உன் சட்டையைத் துவைக்கும்போது பெருமைப்பட்டுக்கொண்டே துவைப்பேன். இப்போது அந்த வாசம் பிடிக்காமல் தாளை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ அக்கா," என்றார் மாஸ்டர். "எழுத்துப் பிழையள் கிடந்தால் பென்சிலாலை குறிச்சு வையுங்கோ. வாற மாசம் நல்ல தாளிலை அடிக்கப் போறம். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுக்கிறன்."

"படிச்சவரு எழுதினத நான் என்னங்க மாஸ்டர் திருத்துறது?"

"உங்களுக்குத் தெரியாதோ? நான் எழுதினதை அக்கா ஒருத்திதான் ஒழுங்கா வாசிப்பா எண்டு அவர் அடிக்கடி சொல்லுவார்."

மேலே பெரிய எழுத்தில், 'தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதப் புதிதாக வருகிறவர்களுக்கு' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே முதலாவது விதி: 'மின்சாரம் போய்த் திரும்பும்போது எந்த இயந்திரமும் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. ஒரு மனிதன் வந்து பொத்தானை அழுத்தட்டும்.'

மாஸ்டர் அந்த வரியில் விரலை வைத்து, "இந்த ஒண்டுக்காகவே பெடியள் அவரை மறக்கமாட்டாங்கள்," என்றார். நான் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போய்விட்டேன்.

முப்பது பக்கத்தையும் வாசித்தேன். எழுத்துப் பிழை ஏழு இருந்தது, குறித்துவிட்டேன். எட்டாவதாக ஒரு பிழை இருக்கிறது. அது எழுத்தில் இல்லை. முதலாவது விதியை நீ யாருடைய கையிலிருந்து படித்தாய் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதைக் குறிப்பதா விடுவதா என்று தெரியாமல்தான் வியாழக்கிழமை இரவு உனக்கு எழுத உட்கார்ந்தேன். கேட்க வேண்டிய ஆள் நீதான். நீயோ இல்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அது உனக்குத் தெரியும். நீ படித்து முடித்துக் கட்டிலுக்கடியில் போட்ட புத்தகங்களை எல்லாம் நான் எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்தை உன் அகராதியிலிருந்து, ஒரு நாளைக்கு ஐந்து சொல்லாகக் கொப்பியில் எழுதி எழுதிப் பிடித்தேன். நீ தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் அந்த ஏணிப் படங்களைக் கொண்டுவந்தபோது அதையும் விடவில்லை. இரண்டு பக்கமும் நெட்டுக் கோடு, நடுவில் படிபடியாகக் குறுக்குக் கோடுகள். இந்தப் பொத்தானை அழுத்தினால், அந்தக் கதவு மூடியிருந்தால், இந்த மோட்டார் ஓடலாம் என்று ஒவ்வொரு படியும் ஒரு வாக்கியம் என்று நீ சொல்லித் தந்தாய். சமையல் செய்கிறவளுக்கு அது புரியாமல் போகுமா? தண்ணீர் கொதித்தால்தான் அரிசி போடுவது, அரிசி வெந்தால்தான் வடிப்பது. நான் அப்படித்தான் பிடித்துக்கொண்டேன்.

பதினோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: 'சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. தப்பாக நடத்திப் பார்.' அதை வாசித்தபோது என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். என் அடுப்படி மேசையில் அட்டையில் ஓட்டை போட்டு ஆறு டோர்ச் பல்பைச் செருகி, கம்பி இழுத்து, அதுதான் ஃபெக்டரி என்றாய். நீ சொன்ன வரிசையில் அழுத்தாமல் நான் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினேன். ஆறு பல்பும் எரிந்தது.

"அக்கா, ஒன்னைய ஒவ்வொரு கம்பனியிலயும் வேலைக்கு வைக்கணும்," என்றாய். "கெடுத்து வைக்கிறதுக்கே."

"பொத்தான் இருந்தா அழுத்தத்தானே செய்வாங்க. வேணாம்னா மூடி வையி."

நீ உடனே அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாய். அந்தத் தம்பியைத்தான் நான் கொழும்புக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவனை எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

நம் தோட்டத்து ஸ்டோருக்கே வேலை வந்தது. தேயிலை ஃபெக்டரியை நாம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். தொண்ணூறுகளின் பின்பாதி, மழை ஏமாற்றிய காலம். கரண்ட் எடுக்கிற பொல்பிட்டியப் பக்கம் தண்ணீர் வற்றிப்போய் ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை கரண்டை வெட்டினார்கள். ஜெனரேட்டர் ட்ரையருக்கும் வெளிச்சத்துக்கும்தான் காணும். அரைத்த கொழுந்து பெல்ட்டில் கிடந்து புளித்துவிடுகிறது, கரண்ட் வந்த பிறகு ஆளைத் தேடிப் பொத்தான் அழுத்திப் பெல்ட்டை ஓட வைப்பதற்குள் இன்னும் கெடுகிறது என்று பெரிய துரை சொல்லியிருந்தாராம். அதனால் கொழுந்தை அரைக்கிற ரோலரிலிருந்து சல்லடைக்குப் போகிற பெல்ட்டுகளுக்குப் புதிய கொன்ட்ரோல் பெட்டி. அதற்குள் இருக்கும் புரோகிராமை எழுதுகிறவன் நீ. துரை சொன்னதும், ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா சொன்னதும் உன் கொப்பியில் ஏறியது.

ரோலர் ரூமில் என் வீட்டுக்காரர் பதினைந்து வருஷமாக நின்றார். அவரை நீ கேட்டாயா?

உன் மச்சான் கையைப் பார்த்திருக்கிறாய். கொழுந்துச் சாறு நகத்துக்குள் ஏறிக் கறுத்துப்போன கை. அந்தச் சாறு பெல்ட்டின் கடைசி உருளையில் பிசின் மாதிரி பிடிக்கும். அதை ஓடும்போது சுரண்ட முடியாது, நிறுத்திச் சுரண்ட டீமேக்கர் விடமாட்டார். ஆகவே கரண்ட் போகிற நேரம்தான் சுரண்டுகிற நேரம். லைட் அணைந்த உடனே ஆளுக்கொரு தகரத் துண்டை எடுத்துக்கொண்டு உருளைக்குள் கையை விடுவார்கள். பயமில்லை. ஏனென்றால் பழைய ஸ்டார்ட்டர் கரண்ட் போனால் தானாக விழுந்துவிடும், திரும்ப அழுத்தினால்தான் ஓடும். அழுத்தப் போகிறவர் முதலில் சத்தம் போடுவார்: "கை எடு." சுரண்டுகிறவர்கள் ஒவ்வொருவரும், "எடுத்தாச்சு," "எடுத்தாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சுரண்டப் போனார்களோ அத்தனை "எடுத்தாச்சு" வந்த பிறகுதான் பொத்தான். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. யாரும் எழுதி ஒட்டியதும் இல்லை. ரோலர் ரூமில் நிற்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

நீ முழுக்கைச் சட்டையும் சப்பாத்துமாக, இரண்டு சிங்கள எஞ்சினியர்களோடு ரோலர் ரூமுக்குள் வந்த அன்று அவர் அங்கேதான் நின்றிருக்கிறார். "வாங்க மாப்ள," என்று சொல்லியிருக்கிறார். நீ காதில் விழாதவன் மாதிரி அவரைத் தாண்டிப் போய்விட்டாய். போனவன் திரும்பி அவரிடமே, பெல்ட்டின் நீளம் எத்தனை அடி என்று சிங்களத்தில் கேட்டாயாம். தமிழ் தெரியாத ஆளிடம் கேட்கிற மாதிரி.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சிரித்தார். "ஒன் தம்பி கிட்டக்க வந்தப்ப, 'ஒயாகே நம மொகத்த'ன்னு எம் பேரையும் கேட்டுப்புடுவாரோன்னு பயந்துட்டேன் புள்ள."

"அவன் கூட வந்தவங்க முன்னாடி கூச்சப்பட்டிருப்பான்," என்றேன். உனக்காக நான்தான் வக்காலத்து வாங்கினேன்.

"கூச்சப்படட்டும். பெல்ட்டப் பத்தி ஒரு வார்த்த கேக்கலாமில்ல."

அந்த ஞாயிறு நீ சாப்பிட வந்தாய். கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தேன். இலையில் சோறு வைக்கும்போதே அவர் பேச்செடுத்தார். "மாப்ள, அந்தப் பெல்ட்டு கடைசியில உருளை இருக்கில்ல, கரண்ட் போற நேரத்துலதான் நாங்க..."

நீ கையைத் தூக்கினாய். "மச்சான், ஒரு நாள் லீவுல வந்திருக்கேன். வேலைய வீட்டுல பேச வேணாமே."

அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார். இதை நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன் தெரியுமா? ஸ்டோரில் உனக்கு அவரைத் தெரியாது. வீட்டில் வேலை பேசக்கூடாது. அந்த மனுசன் எங்கே நின்றுகொண்டு உனக்குச் சொல்வார்? காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதா?

தோட்டத் தொழிலாளிகளின் லயத்து அறையில் நீ பிறந்ததை உன் கூட்டாளிகளுக்குத் தெரியாமல் வைத்திருந்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஊர் கேட்டால் திம்புள்ளப் பக்கம் என்று மட்டும் சொல்வாயாம். ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: 'வரைபடத்தில் கை வைக்குமுன் இயந்திரத்தைத் துடைக்கிறவரிடம் போய் நில். அவருக்குத் தெரிந்தது அதிகாரிக்குத் தெரியாது.' எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். வாசிக்கிறவர்கள் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? முதல் நாளிலிருந்தே துடைக்கிறவனோடு தோளில் கை போட்டு நின்றவன் என்றுதானே?

பெட்டியை மாட்டி இரண்டாவது வாரம்தான் ஓட விட்டார்கள்; தானாக ஓடும் என்று ரோலர் ரூமில் யாரும் சொல்லவில்லை, முதல் கரண்ட் வெட்டிலேயே அது நடந்தது. கோயில் காலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் விரதம், பால்காரர் வராத நாள், கரண்ட் போன நேரம், வந்த நேரம் எல்லாம் பொடி எழுத்தில் குறிப்பது என் வழக்கம். எங்கள் லயத்துக்கும் ஸ்டோருக்கும் ஒரே லைன். அன்று செவ்வாய்க்கிழமை. கரண்ட் பத்து நாற்பதுக்குப் போனது என்று குறித்தேன். பத்து ஐம்பத்திரண்டுக்குப் பல்பு எரிந்தது. அதையும் குறித்துவிட்டு அம்மி கழுவப் போனேன். கழுவி முடிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரி மேட்டிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். "ஒங்க வீட்டுக்காரருக்குக் கை போச்சுக்கா." கழுவின அம்மியைத் திரும்பக் கழுவினேன். ஏன் என்று தெரியாது.

"கை எடு" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. சொல்ல வேண்டிய தேவையை நீ எடுத்துவிட்டிருந்தாய். கரண்ட் போகும்போது பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது என்பதை உன் புரோகிராம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டது. கரண்ட் வந்ததும், ஓடிக்கொண்டிருந்தேன், ஆகவே ஓடுகிறேன் என்று ஓடியது. நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் டீமேக்கர் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருவர் ஓடிப்போய் அழுத்துவதற்குள் அவருடைய வலது கையில் நான்கு விரல் உருளைக்குள் போய்விட்டது. கட்டை விரல் மட்டும் மிச்சம்.

'நிறுத்தும் பொத்தான், ஆபத்தில் இருப்பவனின் கைக்கு எட்ட வேண்டும், அதிகாரியின் கைக்கு அல்ல.' பதினான்காம் பக்கம்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாய். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கம்பனி அறிக்கையின் ஒரு பிரதியை உன் பையிலிருந்து நான்தான் எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலம். வாசித்துவிடுவேன் என்று நீ நினைக்கவில்லை. 'நெக்லிஜென்ஸ்' என்று ஒரு சொல். அதை ஏற்கெனவே அகராதியிலிருந்து என் கொப்பியில் எழுதியிருந்தேன், கவனக்குறைவு என்று. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் தொழிலாளி கவனக்குறைவாகக் கையை வைத்தார். கீழே உன் கையெழுத்து.

"இது ஒரு ஃபாரம்தான்கா. எல்லாத்துக்கும் இப்படித்தான் எழுதுவாங்க."

"ஓடிக்கிட்டிருந்த மெசின்னு போட்டிருக்கே."

"கரண்ட் வந்ததும் ஓடத்தானே செஞ்சுச்சு."

காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து உன் முன்னால் வைத்தேன். "பத்து நாப்பதுக்குப் போச்சு. பத்து அம்பத்திரண்டுக்கு வந்துச்சு. இந்தப் பன்னெண்டு நிமிசம் ஓடிக்கிட்டிருந்துச்சா? கைய அதுலதானே வச்சாரு?"

நீ அந்தக் கட்டத்தைப் பார்த்தாய். நன்றாகவே பார்த்தாய். பிறகு, "கம்பனிக்காரங்க காலண்டர் பாக்க மாட்டாங்கக்கா," என்றாய்.

"நீ பாத்துட்டீல்ல."

"கையெழுத்துப் போடலைன்னா என்னைய வெளிய அனுப்பிருவாங்க. லயத்துலருந்து அங்க போன மொத ஆளு நான். என்னைய அனுப்பினா அடுத்து ஒருத்தன உள்ள எடுப்பாங்களா? நம்ம புள்ளைங்கள நெனச்சுத்தான்கா போட்டேன்."

லயம் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் உன் வாயால் கேட்டேன், வேலைக்குப் போன பிறகு முதல் தடவையாக.

கட்டிலிலிருந்து அவர் சொன்னார், "விடு புள்ள. அவன் கையெழுத்துப் போடலைன்னா வெரலு மொளைச்சிரவா போகுது?"

நீ அழுதாய். எனக்கு இரக்கம் வரவில்லை. உன் தட்டில் சோறு போட்டேன், அவ்வளவுதான்.

பௌர்ணமி லீவான ஒரு போயா நாளில், ஸ்டோர் மூடியிருக்கும்போது, கம்பனி வாகனம் இல்லாமல் நானுஓயாவிலிருந்து பஸ் மாறி நீ தனியாக வந்தாயாம். சின்னக் கொம்பியூட்டரை அந்தப் பெட்டியில் மாட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாயாம். காவல்காரர் சொன்னார். அடுத்த நாளிலிருந்து கரண்ட் வந்தால் பெல்ட் தானாக ஓடவில்லை. மணி அடித்தது. பெல்ட்டின் இரண்டு கடைசியிலும் இரண்டு ஆள் பொத்தானை அழுத்தினால்தான் நகர்ந்தது. இரண்டு "எடுத்தாச்சு." யாரிடம் கேட்டு அதைப் போட்டாய்? விபத்து நடந்த வாரம் ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நீ ஒரு பகல் உட்கார்ந்திருந்தாய். அப்போது கேட்டிருப்பாய். கேட்பதற்கு உனக்கு இடம் அங்கேதான் கிடைத்தது. மெசினைத் திருத்தினாய். அறிக்கையைத் திருத்தவில்லை. மெசினில் பிழை இல்லையென்றால் எதைத் திருத்த அவ்வளவு தூரம் வந்தாய், தம்பி?

அதன் பிறகு அவருக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், தராசுக்குப் பக்கத்தில் நின்று சாக்குப் பிடிக்கும் வேலை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டும்போது வலது கையில் வாங்க விரல் இல்லை, இடது கையை நீட்ட மனம் இல்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அண்ணே, நெத்தியக் காட்டுங்க," என்று பூசாரி பூசிவிட்டார். அடுத்த வெள்ளியிலிருந்து வாசற்படிக்கு வெளியே நிற்கிறார். உள்ளே நான் மட்டும் போகிறேன். எல்லாருக்காகவும் வேண்டினேன். உன் பெயர் வரும்போது என் வாய் மூடிக்கொள்ளும். உன் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவேன். சாமிக்கு முன்னால் நின்று இப்படிச் செய்தது பாவம்தான். தெரிந்தேதான் செய்தேன்.

நீ கம்பனியை விட்டு ஹட்டனில் வகுப்புத் தொடங்கினாய். தீபாவளிக்கு வருவாய். "சாப்பிட்டியா," என்பேன். "ம்," என்பாய். ஒன்பது வருஷம் இப்படியே போனது. போன மழைக்காலம் கண்டி ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலி என்று சேர்த்தார்கள். நான் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். பதினாறாம் நாள் உன் மாணவர்கள் வரிசையாக எழுந்து பேசினார்கள். எல்லாரும் லயத்துப் பிள்ளைகள். எங்கள் சார் இல்லையென்றால் நாங்கள் இல்லை என்றார்கள். அது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. நீ சொன்ன மாதிரியே உள்ளே போய்விட்டார்கள். நுவரெலியாவில் ஒருவர், கொழும்பில் மூன்று பேர், எல்லாரும் எங்கேயோ ஒரு மெசினைக் காக்கிறார்கள். அதனால்தான் என்னால் உன்னை முழுதாகத் திட்டவும் முடியவில்லை.

ஆனால் இருபத்திரண்டாம் பக்கத்தை நீ எந்த முகத்தோடு எழுதினாய்? 'விபத்து நடந்தால் ஆளின் தவறு என்று எழுதாதே. முதலில் உன் படத்தை மூன்று முறை வாசி.' இதை எழுதிக்கொண்டிருந்தபோதாவது பேனையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பஸ் ஏறியிருக்கலாம். அவர் முன்னால் உட்கார்ந்து, மச்சான், நான் எழுதினது பொய் என்று சொல்லியிருக்கலாம். முகம் தெரியாத ஆயிரம் பேருக்குச் சொல்ல முடிந்தது. ஒருவருக்குச் சொல்ல முடியவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு அவருக்கு அந்த முதலாவது விதியை வாசித்துக் காட்டினேன். பிறகு இருபத்திரண்டாம் பக்கத்தையும். அவர் கேட்டுக்கொண்டே இடது கையால் தேத்தண்ணி குடித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்," என்றார்.

"மாஸ்டர் நாளன்னைக்கு வருவாரு. இது எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி சேக்கச் சொல்லலாம். ஒங்களுக்கு வேணாம்னா விட்டுர்றேன்."

விடு புள்ள என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அதைத்தானே சொன்னார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"போடு," என்றார். "எம் பேரப் போடு. முழுப் பேரும் போடு, அப்பா பேரோட."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன பாக்குற? கவனக்குறைவுன்னு எழுதுனப்ப முழுப் பேரத்தானே போட்டாங்க. பதிவு நம்பரு கூட விடல."

பென்சிலை எடுத்து, முதலாவது விதிக்குக் கீழே இருந்த வெறும் இடத்தில் எழுதினேன். பெல்ட் நின்றிருந்தபோது அதைச் சுத்தம் செய்த இவரிடமிருந்து இந்த விதி வந்தது, அப்போது இவர் கவனமாகவே இருந்தார் என்று எழுதி, அவர் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் போட்டேன். எழுத்துக் கூட்டிப் பார்த்து, "ரெண்டு சுழி இல்ல, மூணு சுழி," என்று ஒரு இடத்தைத் திருத்தினார். பிறகு வெளியே போய் வெகுநேரம் நின்றார். உன் பெயர் அட்டையில் இருக்கிறது, அதை நான் தொடவில்லை. நாளைக்கு மாஸ்டர் வந்து எடுத்துப் போவார்.

இன்னொருவர் பெயரும் அங்கே வர வேண்டும். அதை நான் எழுதவில்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது, இப்போது எனக்கு மட்டும்.

பெட்டி மாட்டுவதற்கு முந்திய வாரம், உன் கிறுக்கல் படத்தைக் கொண்டுவந்து, கம்பனிக்குக் காட்ட வேண்டும், துப்புரவாகக் கீறித் தா என்றாய். உன் கை நடுங்கும், என் கோடு நேராக வரும். ஏழாவது படியில் வந்து நான் நிறுத்தினேன்.

"இந்தக் குறி என்னா? கரண்ட் போனாலும் அழியாதா?"

"அழியாதுக்கா. கரண்ட் வந்தா விட்ட எடத்துலருந்து தானா ஓடும். அதான் இதோட வெசேசமே."

"பக்கத்துல ஆளு இருந்தா?"

"மெசின் நிக்கிறப்ப அங்க ஆளுக்கு என்னக்கா வேல?"

என்ன வேலை என்று எனக்குத் தெரியும். அந்தத் தகரத் துண்டு கீறிய இவருடைய சட்டைக் கையைத் தைத்துப் போடுகிறவள் நான். கரண்ட் போனால் அவர் கை எங்கே இருக்கும் என்று காலண்டரில் நேரம் குறிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறவள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. படித்தவன் சொல்கிறான், இவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று விழுங்கிக்கொண்டேன். அடிமட்டக் கோலை வைத்து ஏழாவது படியை இழுத்தேன். நேராகத்தான் வந்தது. நீ எடுத்துப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்குக்கா," என்றாய். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, தம்பி.

இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.